பெயர் போன கோயில்

திருவாரூர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. கோயில் என்றால் அது தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சிறு பிராயத்திலேயே பாடம் பண்ணி, கமலாலயத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கும் அந்தக் குணம் இல்லாமற் போகவில்லை. ஆகையால், நாகப்பட்டினத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், "பெயர் போன கோயில் ஒன்று காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வாருங்கள்" என்று அழைத்தபோது, சற்று அலட்சியமாகவே பதில் சொன்னோம்.

"நாகையில் நாம் பார்க்காத பெயர் போன கோயில் எது? காயாரோகணேசுவரரைத் தரிசித்தாயிற்று. சௌந்தரராஜப் பெருமாளையும் சேவித்தாயிற்று."

"அவையெல்லாம் பெயர் பெற்ற கோயில்கள், ஸார். நான் சொல்வது உண்மையாகவே பெயர் போய்விட்ட கோயில். என் பாட்டனார் காலத்தில் அதற்கு வெஸ்லியன் மெதடிஸ்ட் கோயில் என்று பெயர். 1947-இல் அந்தப் பெயர் போய்விட்டது. கோயில் இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள், பெயர் மட்டும் இல்லை."

நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர், கிறிஸ்தவர், சிலேடையில் பிரியம் உள்ளவர். ஒரு சிலேடைக்காக நாற்பது நிமிஷம் ரயிலில் போவது தகுமா என்று யோசித்தோம். தகும் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது.

ரயில் பாதையின் கதை

திருவாரூரிலிருந்து நாகைக்குப் போகும் பாதை தென்னாட்டின் மிகப் பழைய ரயில் பாதைகளுள் ஒன்று. நாகப்பட்டினத்தைத் தலைமை இடமாகக் கொண்ட ஓர் ஆங்கிலக் கம்பெனி 1861-இல் தஞ்சாவூர் வரையிலும், 1862-இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் இதனைப் போட்டது. முதலில் அகலப் பாதை. 1875-இல் மீட்டர் பாதை. இந்த நூற்றாண்டில் மறுபடியும் அகலப் பாதை. மனிதர்கள் மதம் மாறுவதைப் பற்றி நாம் வாய் ஓயாமல் பேசுகிறோம். இந்தத் தண்டவாளம் சத்தம் போடாமல் இரண்டு தடவை மாறித் தன் பழைய வழிக்கே திரும்பி வந்திருக்கிறது.

இருபுறமும் வயல். அடியக்கமங்கலம், கீழ்வேளூர், சிக்கல் என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. நாகையை நெருங்கும்போது காற்றில் உப்பு வாடை கலந்தது.

இன்று நாகை என்றால் மீன்பிடிப்பும் துறைமுகமும் நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இந்த மாவட்டத்திலிருந்து வாரிக்கொண்டு போனதும் நினைவுக்கு வரும். ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னால் இது ஒரு தொழில் நகரம். ரயில் எஞ்சின்களையும் வண்டிகளையும் பழுது பார்க்கும் பெரிய பட்டறை இங்கே இருந்தது. காலையில் பட்டறையின் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். மாலையில் ஊதினால் அடுப்புப் புகையும். 1928-இல் அந்தப் பட்டறையைத் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றினார்கள். அதே வருஷம் ஜூலை மாதத்தில், ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தில் நாகைத் தொழிலாளர்கள் முன்னணியில் நின்றார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை புகுந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பட்டறை போயிற்று. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் மூட்டை முடிச்சுடன் பொன்மலைக்குப் போயின.

நண்பருடைய பாட்டனார் அந்தப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். ஆறு நாள் சங்கு. ஏழாம் நாள் வெஸ்லியன் கோயில் மணி. இந்த இரண்டு ஒலிகளுக்கு நடுவேதான் அவருடைய ஜீவியம் நடந்தது என்றார் நண்பர்.

கைமாறும் ஊர்

கோயிலுக்குப் போகுமுன் நண்பர் நம்மை ஊரைச் சுற்றி அழைத்துச் சென்றார். நாகையைப் போல் கைமாறிய ஊர் சோழ நாட்டிலே வேறு இல்லை. ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசன் இங்கே சூடாமணி விஹாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவனான சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே மானியமாக விட்டான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய், அந்த ஊரின் பெயராலேயே பிரசித்தி அடைந்தன. பிறகு போர்த்துக்கீசியர் வந்தனர். 1658-இல் டச்சுக்காரர் அவர்களைத் துரத்தினர். 1781-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரைத் துரத்தினர். பௌத்தர்களின் பழைய செங்கற் கோபுரம் ஒன்று சிதைந்த நிலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. அதையும் 1867-இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதி பெற்று, ஏசு சபைப் பாதிரிமார் இடித்துவிட்டார்கள்.

டச்சுக்காரர்கள் 1774-இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அவர்கள் போன பிறகு அது ஆங்கிலேயருடைய சபைக்கு வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்தது. கட்டிடம் ஒன்று, பெயர் மூன்று.

பிறகு நண்பரின் கோயில். நேயர்கள் கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். மெதடிஸ்டுகளின் மரபில் கண்ணுக்கு விருந்து கிடையாது, காதுக்குத்தான் உண்டு. உபதேசம் கேட்க ஓர் இடம் வேண்டும். கூடிப் பாட ஓர் இடம் வேண்டும். அவ்வளவே. ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் மல்லிகை சூடியிருந்தார்கள். குழந்தைகள் வாசலிலே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. நம்மூர்க் கோயில் வாசலுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நிலக்கரி ஊரிலிருந்து நெல் ஊருக்கு

மெதடிஸ்ட் என்பது பரிகாசமாக வைத்த பெயர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஜான் வெஸ்லியும் அவர் தோழர்களும் நாள் தவறாமல், மணி தவறாமல் ஜபமும் நோன்பும் அனுஷ்டித்தார்கள். 'முறைகாரர்கள்' என்று மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. 1739-இல் பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெஸ்லி திறந்த வெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கோயிற் கதவுக்குள் வராத ஜனங்களிடம் அவரே போனார். ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய ஊர்களிலெல்லாம் மெதடிஸ்ட் கோயில்கள் முளைத்தன.

அந்தக் கோயில்களில் இன்னொரு காரியமும் நடந்தது. எழுத்தறியாத தொழிலாளி ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கற்றான். சபையின் கணக்கை எழுதினான். எழுந்து நின்று நாலு பேர் முன்னால் பேசப் பழகினான். 1834-இல் டால்பட்டில் என்ற குக்கிராமத்தில், கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் கூடியதற்காக ஆறு விவசாயக் கூலிகளை ஏழு வருஷத் தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களுடைய தலைவரான ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்ட் உபதேசி. சபையின் பெரிய மனிதர்களுக்குச் சங்கம் பிடிக்காது. ஆனால், பேசக் கற்றுக்கொண்டவனுடைய வாயை யார் கட்ட முடியும்?

அவர்கள் நம் நாட்டுக்கு வந்த கதையும் ரஸமானது. 1813-ஆம் வருஷக் கடைசியில் தாமஸ் கோக் என்ற முதியவர் சில இளைஞர்களுடன் கீழ்நாட்டுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் அவர் இறந்துவிட்டார். தலைவனை இழந்த இளைஞர்கள் 1814-இல் இலங்கையில் இறங்கினார்கள். அவர்களுள் ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். 1820-ஐ ஒட்டி நாகையிலும் வெஸ்லியன் மிஷன் காலூன்றிற்று. 1820-இல் எலியா ஹூல் என்ற மற்றோர் இளைஞர் புறப்பட்டு வந்தார். அவர் மான்செஸ்டரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகன். இலங்கைக் கரைக்கு அருகே அவருடைய கப்பல் இடி விழுந்து எரிந்தது; ஆட்கள் தப்பினார்கள்; அவருடைய புத்தகங்கள் அத்தனையும் போயின. அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'தஞ்சாவூர்'! அந்த ஹூல் பிற்பாடு தமிழ் கற்று, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவிலும் அமர்ந்தார்.

மான்செஸ்டர் என்றால் நமக்கு ஆலைத் துணிதான் நினைவு வரும். நம் நெசவாளரின் வயிற்றில் அடித்த ஊர் அது. அந்த ஊரின் துணியும், அந்த ஊரின் உபதேசியும் ஒரே கடல் வழியாகத்தான் வந்தார்கள். இதை மறப்பதற்கில்லை. ஆனால், இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போடுவதற்கும் இல்லை.

போப்பையரை நேயர்கள் அறிவார்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த பெரியவர். அவர் 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவராகத்தான். சில வருஷத்தில் அந்தச் சபையை விட்டு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலும் அவ்விதமே வெஸ்லியன் சபையிலிருந்து ஆங்கிலச் சபைக்குப் போனவர். இந்த மாற்றங்கள் எல்லாம் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெரிய விஷயம். தமிழ் கற்க வந்த பையனுக்கோ, வாத்தியார் எந்தச் சபை என்பதில் என்ன இருக்கிறது?

நம் பாட்டனார் மன்னார்குடியில் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பின்னாளில் பின்ட்லே பாதிரியாரின் பெயரால் பிரபலமான ஸ்தாபனம் அது. மாலையில் வீடு திரும்பினால், கொல்லைப் பக்கமாகவே வரவேண்டும். கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம் என்பது அவருடைய தாயாரின் உத்தரவு. மார்கழி மாதத்திலும் அந்த உத்தரவு தளரவில்லை. "சட்டையைக் கழற்றி வைத்தேன், தலையை முழுகினேன். ஆனால், தலைக்குள்ளே போனது தண்ணீரில் கரையவில்லை" என்று அவர் சிரிப்பார். மில்டனையும் கணிதத்தையும் எடுத்துக்கொண்டார், மதத்தை விட்டுவிட்டார். டெல்டாவில் பலர் அப்படித்தான். வேறு சிலருக்கு, தங்களை 'எட்டி நில்' என்று சொல்லாத முதல் வாசல் அந்தக் கோயில் வாசலாக இருந்தது. அவர்கள் உள்ளேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

பெயர் போன விதம்

இனி அந்தப் பெயர் போன கதைக்கு வருவோம்.

1919-ஆம் வருஷம் மார்ச் 29-ஆம் தேதி, ரௌலட் சட்டத்தை எதிர்க்க ஜனங்களைத் திரட்டி வந்த காந்தியடிகள் நாகப்பட்டினத்தில் பேசினார். முதலாளி, தொழிலாளி சம்பந்தத்தைப் பற்றியும் இந்தப் பட்டறை ஊரில் அவர் பேசினார். ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. அதற்குப் பதினெட்டாம் நாள், மே 1-ஆம் தேதி, நாகைக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் 33 கிறிஸ்தவ குருமார்கள் கூடினார்கள். ஏறக்குறைய அனைவரும் இந்தியர்கள். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912-இல் உயர்ந்தவர். மற்றொருவர் சந்தியாகு.

அவர்கள் சொன்னது இதுதான்: எங்களுக்குள் இருக்கும் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வேறு தேசத்துச் சண்டைகளில் பிறந்து, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை இனி நாங்கள் சுமக்க மாட்டோம்.

அன்னியத் துணியை வேண்டாம் என்று தேசம் சொல்லவிருந்த காலத்தில், அன்னியச் சண்டையை வேண்டாம் என்று இவர்கள் சொன்னார்கள். பேச்சு நீண்டது. மெதடிஸ்டுகள் 1925-இல் அதில் கலந்துகொண்டார்கள். மொத்தம் 28 வருஷம் ஆயிற்று. அசரியா 1945-ஆம் வருஷப் பிறப்பன்று காலமானார். பலனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சுதந்திரம் வந்து 43 நாள் கழித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆங்கிலத் திருச்சபையாரும், மெதடிஸ்டுகளும், ஏற்கெனவே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்த மற்ற இரு பிரிவினரும் ஒன்று சேர்ந்து, தென்னிந்தியத் திருச்சபை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. அமெரிக்க வழியில் வந்த மெதடிஸ்டுகள் தனியே நின்றார்கள். கூட்டம் நடந்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபையும் இன்று வரை தனிச் சபைதான். ஆயினும், நாகையிலும் மன்னார்குடியிலும் அன்றோடு வெஸ்லியன் என்ற பெயர் போயிற்று.

இங்கிலாந்திலும் 'முன்னாள் மெதடிஸ்ட் கோயில்கள்' எத்தனையோ உண்டு. மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஹான்லி என்ற ஊரில், இரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய பெதஸ்தா என்ற மாபெரும் கோயில் இருந்தது. 1985-இல் ஆராதனைக்கு ஆள் இல்லாமல் அதை மூடிவிட்டார்கள். அங்கே ஜனங்கள் போய்ப் பெயர் மிஞ்சிற்று. இங்கே பெயர் போய் ஜனங்கள் மிஞ்சினார்கள். இரண்டும் 'முன்னாள்' கோயில்தான். ஆனால், இரண்டு முன்னாளுக்கும் எவ்வளவு தூரம்!

போகாத பெயர்

இதை நாம் மிகுந்த உற்சாகத்தோடு நண்பரிடம் சொன்னோம். அவர் உற்சாகப்படவில்லை.

"வெள்ளைக்காரன் கொடுத்த பெயரைக் கழற்றிவிட்டோம் ஸார், உண்மை. 28 வருஷத்தில் கழற்றிவிட்டோம். நாமே கொடுத்துக்கொண்ட பெயர் ஒன்று இருக்கிறதே, அது? எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில், ஊர் பெயர் வேண்டாம், ஒரே சபை, ஒரே குருவானவர், ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால், கல்லறைத் தோட்டம் இரண்டு. நடுவிலே சுவர்."

நாம் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தோம். 1833-இலேயே கல்கத்தாப் பேராயர் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது என்று உத்தரவு போட்டதையும், தஞ்சாவூர்ச் சபையில் அதற்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதையும், வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெருங்கவிஞரே ஜாதி ஆசாரத்தின் பக்கம் நின்றதையும் சொன்னோம்.

"படித்திருக்கிறேன்" என்றார் நண்பர். பிறகு மிக மெதுவாக, "உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை, ஸார்?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. நம் பூர்வீகக் கிராமத்தில் அது இரண்டு. போகும் பாதையும் இரண்டு.

1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்ததை வகுப்பில் எத்தனையோ தடவை பெருமையோடு போதித்திருக்கிறோம். கோயிலின் கதவு திறந்தது. சுடுகாட்டுப் பாதை மட்டும் ஏன் ஒன்றாகவில்லை என்று எந்த மாணவனும் நம்மைக் கேட்டதில்லை. கேட்கும்படி நாம் போதிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மாலை வண்டியில் திரும்பினோம். சிக்கலைத் தாண்டி, வண்டி கீழ்வேளூரில் நின்றது. வயல்களுக்கு மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஸ்டேஷனுக்குச் சற்றுத் தூரத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்து பிறந்த தினத்தின் இரவில், கூலி கொஞ்சம் உயர வேண்டும் என்று சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக, சேரி ஜனங்கள் 44 பேரை ஒரு குடிசையில் உயிரோடு எரித்த ஊர் அது. பெண்களும் குழந்தைகளுமே அதிகம். டால்பட்டில் கூலிகளை இங்கிலாந்து நாடு கடத்தியது. இரண்டு வருஷத்தில் மன்னித்துத் திரும்ப அழைத்துக்கொண்டது. வெண்மணியில் திரும்ப அழைக்க யாரும் மிஞ்சவில்லை.

வண்டி நகர்ந்தது. பெயரைக் கழற்றுவது சாத்தியம் என்பதற்கு நாகையில் ஒரு கோயில் சாட்சியாக நிற்கிறது. ஒரு கடற்கரைக் கூட்டத்தில் 33 பேர் கூடி, 'இது எங்களுடையது அல்ல' என்று சொன்னதில் அந்தக் காரியம் ஆரம்பித்தது. ஆனால், சுமத்தப்பட்ட பெயரைக் கழற்றுவது எளிது. வேறொருவன் மேல் பழி போடலாம். நாமே சூட்டிக்கொண்டதைக் கழற்றும்போது பழி போட ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம் போலும்.

திருவாரூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, தியாகராஜ சுவாமி கோயிலின் சாயரட்சை மணி கேட்டது. வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனோம். கிணற்றடியில் சிறிது நேரம் நின்றோம். அடுத்த வாரம் கிராமத்துக்குப் போய், அந்த இரண்டு பாதைகளைப் பற்றி நாலு பேரைக் கூட்டிப் பேசுவது என்று முடிவு செய்தோம். 33 பேர் சேர்வார்களா என்று தெரியாது. மூன்று பேராவது சேர்வார்கள் என்று நம்புகிறோம்.